சுண்டிப் பார்த்து வாங்கியவை

பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கப் போகும்போது ஆயா என்னையும் கூட்டிக்கொண்டு போவார். காட்பாடியில் சாலையோரமாக வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் பானைகளைக் கவிழ்த்து அடுக்கியிருப்பார்கள். ஆயா குனிந்து ஒன்றை எடுப்பார். இடது உள்ளங்கையில் உட்காரவைத்து வலது கை விரலால் ஒரு சுண்டு சுண்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார். கணீரென்று வந்தால் அது எங்கள் பானை. சத்தம் அடங்கி வந்தால் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார். விற்கிற அம்மாவும் ஏன் என்று கேட்கமாட்டார். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று உள்ளே இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

பழைய மண்பாண்டங்களும் பீங்கான்களும் சேர்க்கத் தொடங்கி இருபது வருடங்கள் ஆகின்றன. ஜாடி, கூஜா, தட்டு, கோப்பை என்று அறுபதுக்கு மேல் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வாங்கும் முன் ஆயா செய்ததைத்தான் செய்கிறேன். ஜப்பான் கோப்பையானாலும் குடியாத்தம் பக்கத்துக் குயவர் வனைந்த சட்டியானாலும் சோதனை ஒன்றுதான்.

ஆனால் எங்கள் வீட்டிலேயே நான் ஆசைப்பட்டுக் கிடைக்காத பொருள் ஒன்று இருந்தது. அம்மாவின் ஊறுகாய் ஜாடி. அதை ஆயாவிடமிருந்து அம்மா வாங்கிக்கொண்டார், ஆயாவுக்கு அவருடைய மாமியார் கொடுத்தார். கேட்டபோதெல்லாம் "எலுமிச்சங்காயை எதில் போடுவது?" என்ற ஒரே பதில்தான் வரும். அதற்கு மேல் வாதாட இடமில்லை.

இந்த ஜாடியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேல்பாதி தேன் நிறம், கீழ்ப்பாதி பாலேடு நிறம். தமிழ்நாட்டில் இது இல்லாத சமையலறை ஒரு காலத்தில் அரிது. அதனாலேயே யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. எங்கள் ஜாடியில் இரண்டு நிறங்களும் சந்திக்கும் கோடு நேராக இல்லை. ஒரு பக்கம் ஒரு விரல் அளவு தாழ்ந்திருக்கிறது. தலைகீழாகப் பிடித்துப் பழுப்புப் பூச்சுக் குழம்பில் தோய்த்தவரின் கை அங்கே கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே கம்பளிப்பூச்சி ஊர்ந்ததுபோல ஒரு வழிசல் உறைந்து நிற்கிறது. அடியில் வட்டமாக ஒரு விளிம்பு பூச்சு இல்லாமல் சொரசொரப்பாக இருக்கும். பூச்சு இருந்தால் சூளையில் உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதைத் துடைத்துவிடுவார்கள். வாயைச் சுற்றி ஒரு பள்ளம். வெள்ளைத் துணியைப் போர்த்திக் கயிறு கட்டுவதற்காக. கயிறு இழுபட்டு இழுபட்டு அந்தப் பள்ளத்தில் மட்டும் பளபளப்பு மங்கியிருக்கிறது.

இந்த இரட்டை நிறத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பாவில் இத்தகைய கெட்டிப் பாண்டங்களுக்குப் பெரும்பாலும் உப்பால்தான் மெருகு ஏற்றினார்கள். சூளை 1,200 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது உள்ளே உப்பை வாரி எறிவார்கள். உப்பு ஆவியாகி, அதிலுள்ள சோடியம் மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து கண்ணாடிபோலப் படியும். கமலாப் பழத்தோல்போலப் புள்ளிபுள்ளியாக இருக்கும் அந்த மெருகு. 1830களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் வில்லியம் பவல் என்பவர் உப்பில்லாமல், குழம்பில் தோய்த்தெடுத்துச் சுடும் புதுப் பூச்சைக் கொண்டுவந்தார். மேலே தேன் நிறம், கீழே வெளிர் நிறம் என்று அவர் செய்த ஜாடிகளும் மதுப்புட்டிகளும் உலகமெங்கும் போயின. உத்தரப் பிரதேசத்தில் குர்ஜாவிலும் சுனாரிலும் அதே பாணியில் ஊறுகாய் ஜாடிகள் செய்தார்கள். பிரிஸ்டலில் மதுப்புட்டிக்கு வைத்த நிறம் காட்பாடியில் எலுமிச்சங்காய்க்கு வந்து சேர்ந்த கதை எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாகவே இருக்கிறது.

ஊறுகாய்க்கு இது ஏன் என்பதற்கு எந்தப் பாட்டியும் விடை சொல்வார். பித்தளையில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும், அலுமினியத்தை உப்பு அரிக்கும். மண்பானையில் போட்டால் உப்புநீர் கசிந்து வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிடும். ஜாடி ஒன்றுதான் எதையும் குடிக்காது, எதையும் கொடுக்காது.

இதற்குக் காரணம் சூடு. பீங்கான் என்று நாம் ஒரே சொல்லால் அழைப்பவற்றில் மூன்று வகைகள் கலந்து கிடக்கின்றன. ஆயிரம் டிகிரி அளவில் வேகும் மண்பாண்டம் நீரை உறிஞ்சும். மேலே பூச்சு இருந்தால்கூட உள்ளுடம்பு உறிஞ்சும் தன்மையுடையதுதான். 1,200-க்கு மேல் வெந்த ஜாடி வகை உடம்பே இறுகிக் கல்லாகிவிடும். வெண்களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் சேர்த்து அதற்கும் மேலான சூட்டில் சுட்டெடுப்பதுதான் உண்மையான பீங்கான். அதை விளக்குக்கு முன் பிடித்தால் பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரியும். வாங்குபவர்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்தே ஆக வேண்டும். எனக்கு அது தெரியாமல் போனதால் ஒரு நல்ல பொருளை நானே அழித்தேன்.

அந்தப் பொருள் கரிகிரிக் கூஜா.

கரிகிரி என்றால் வேலூரில் எல்லோருக்கும் 1955-இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். உலகெங்குமிருந்து மருத்துவர்கள் வந்து பயிற்சி பெற்ற இடம், அந்தப் புகழுக்கு முழுத் தகுதியும் உண்டு. ஆனால் அதே ஊர்ப் பெயரில் ஒரு பாண்ட வகையும் இருக்கிறது என்பது காட்பாடியில் பிறந்து வளர்ந்த எனக்கே முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பச்சை, நீலம், பழுப்பு என்று மெருகேற்றிய பூச்சாடிகள், கூஜாக்கள், கிண்ணங்கள். வனைந்த கலத்தின்மேல் வெண்களிமண் குழம்பைப் பூசுகிறார்கள். அது பதமாகக் காய்ந்த பின் கூரிய ஊசியால் கோலமோ கொடியோ கீறுகிறார்கள். கீறிய இடத்தில் வெள்ளை போய் உள்ளிருக்கும் கருமண் தெரியும். அதன்மேல் நிறக் கண்ணாடிப் பூச்சு. சுட்டெடுத்தால் பச்சைத் தண்ணீருக்கு அடியில் வரைந்த கோடுகள்போலக் கொடி நிற்கும். மேலே தீட்டிய ஓவியம் நாளாக நாளாக அழியும். இது கீறிய கோடு, அழியாது. விரலால் தடவினால் பூச்சின் வழியே அந்தப் பள்ளம் இலேசாகத் தட்டுப்படும்.

2004-இல் வேலூரில் பழைய இரும்பு, புத்தகம், பாத்திரம் எல்லாம் குவிந்திருந்த ஒரு கடையில் முதல் கூஜாவைப் பார்த்தேன். ஒரு சாண் உயரம், மூடி இல்லை, பாசிப்பச்சை. வயிற்றைச் சுற்றி ஒரு கொடி, கொடிக்கு நடுவில் ஒரு கிளி. கிளியின் கண்ணுக்கு ஒரே ஒரு குத்து. ஊசியை வைத்து ஒரு சுழற்றுச் சுழற்றியிருக்கிறார், அவ்வளவில் கிளி பார்க்கத் தொடங்கிவிட்டது. நூற்றைம்பது ரூபாய் கொடுத்தேன். "கோயில் திருவிழாவில் விற்றது சார், எங்கள் அப்பா காலம்" என்றார் கடைக்காரர். எந்தக் கோயில் என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வந்ததற்காக இன்றும் வருந்துகிறேன்.

பூச்சில் வலைப்பின்னலாக மெல்லிய வெடிப்புகள் இருந்தன. வெடிப்புக்குள் எண்ணெய் அழுக்கு இறங்கிப் பழுப்பேறியிருந்தது. புதிதாக்கிவிடலாம் என்று ஒரு வாளித் தண்ணீரில் வெளுக்கும் தூளைக் கரைத்து இரண்டு நாட்கள் ஊறவைத்தேன். எடுத்தபோது அழகாக இருந்தது. அலமாரியில் வைத்தேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் அலமாரிப் பலகையில் பச்சைத் தூள். கிளியின் வால் பக்கம் பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. வெளுப்புநீர் வெடிப்புகளின் வழியே மண்ணுடம்புக்குள் இறங்கி, காய்ந்தபோது அதிலிருந்த உப்பு பரல்களாக வளர்ந்து பூச்சை உள்ளிருந்து நெட்டித் தள்ளியிருக்கிறது. உறிஞ்சாத ஜாடியாக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நூறு கைகள் பட்டும் உடையாத பொருள், சுத்தம் செய்கிறேன் என்ற என் கையில் போனது. அதற்குப் பிறகு நல்ல தண்ணீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி தவிர எதையும் எந்தப் பொருளிலும் படவிடுவதில்லை. அழுக்கும் அந்தப் பொருளின் வயதுதான் என்று இப்போது நினைக்கிறேன். கிளியின் தலை இன்னும் இருக்கிறது, கண்ணும் இருக்கிறது.

வட ஆற்காட்டில் பீங்கான் தொழிற்சாலையாக வளர்ந்ததும் உண்டு. 1906-இல் உர ஆலை தொடங்கிய பாரி நிறுவனத்தின் பெயர், பிற்காலத்தில் ராணிப்பேட்டைக் குளியலறைச் சாமான்களால் நாடு முழுதும் பரவியது. நான் அந்தப் பக்கம் சேர்ப்பதில்லை, ஆதலால் அதிகம் சொல்வதற்கில்லை.

வெளிநாட்டுத் தட்டுகளுக்குத்தான் இனி வரவேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் வணிகர் குடும்பங்களில் பழைய பீங்கான்கள் இன்னும் இருக்கின்றன. வியாபாரத்துக்கு ரங்கூன், சென்னை என்று போனவர்கள் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தவை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் பெத்ருஸ் ரெகோ 1830களில் தொடங்கிய ஆலை தென்கிழக்கு ஆசியாவுக்கென்றே தட்டுகளை அனுப்பிக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்த பெல் நிறுவனம் அந்தச் சந்தைக்காகச் செய்த வடிவங்களுக்கு மலாய்ப் பெயர்களையே வைத்தது. அவை உண்மைப் பீங்கான் அல்ல, வெள்ளை மண்பாண்டம். விளக்குக்கு முன் பிடித்தால் நிழல் தெரியாது. செப்புத் தகட்டில் செதுக்கிய சித்திரத்தை மெல்லிய தாளில் அச்செடுத்து, தாளைத் தட்டின்மேல் ஒட்டி நிறத்தை இறக்குவார்கள். தாளின் இரண்டு முனைகளும் சந்திக்கும் இடத்தில் கொடி பொருந்தாமல் வெட்டுப்பட்டிருக்கும். அந்த ஒட்டு தெரிகிற தட்டுதான் எனக்குப் பிடிக்கும். ஒட்டியவர் அவசரத்தில் இருந்தாரோ, மாலை நேரமாகி வெளிச்சம் குறைந்துவிட்டதோ.

வாணியம்பாடியில் ஒரு நண்பரின் நானிக்கு, அதாவது பாட்டிக்கு, எண்பது வயதுக்கு மேல். நான் பழைய தட்டு பார்ப்பவன் என்று நண்பர் சொல்லியிருந்தார். நான் போனதும் நானி மர அலமாரியைத் திறந்து சிவப்புப் பூப்போட்ட பெரிய தட்டு ஒன்றை இரண்டு கைகளாலும் எடுத்துவந்தார். பெருநாளில் மட்டும் வெளியே வரும் தட்டு.

"தம்பி, இது வெள்ளத்தில் தப்பித்த தட்டு. எங்கள் மாமனாரின் வாப்பா ரங்கூனிலிருந்து கொண்டுவந்தது. வீடு விழுந்துவிட்டது, தட்டு மட்டும் சேற்றுக்குள் முழுசாகக் கிடந்தது" என்றார்.

வாணியம்பாடியில் வெள்ளம் என்றால் 1903 நவம்பர்தான். பாலாறு ஊருக்குள் புகுந்து பல உயிர்களைக் கொண்டுபோனது. 2021-இல் மறுபடியும் பாலாறு கரை தொட்டு ஓடியபோது அங்கே முதியவர்கள் எல்லோரும் அந்த 1903-ஐத்தான் பேசினார்கள். நேரில் பார்த்தவர் ஒருவரும் இல்லை, ஆனாலும் பேசினார்கள்.

தட்டை மெதுவாகக் கவிழ்த்தேன். அடியில் 'மேட் இன் ஜப்பான்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

அடி முத்திரை பொய் சொல்லாது என்பது சேர்ப்பவர்களின் நம்பிக்கை, பெரும்பாலும் சரியான நம்பிக்கை. 1891 முதல் அமெரிக்கா இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் வேண்டும் என்றது. ஜப்பான் ஆலைகள் முதலில் 'நிப்பான்' என்று எழுதின. 1921-இல் அந்தச் சொல்லை அமெரிக்கச் சுங்கம் ஏற்க மறுத்ததால் 'ஜப்பான்' என்று மாற்றின. ஆகவே என் கையில் இருந்தது 1921-க்குப் பிந்தையது. 1903 வெள்ளத்தில் அது தப்பித்திருக்க வழியில்லை.

நானியின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. "இதைப்போல வேறு இருக்கிறதா அம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஆறு இருந்ததாம். உடைந்ததெல்லாம் கீழே இருக்கும்" என்றார். நண்பர் அடித்தட்டில் கைவிட்டுச் செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தார். நீலப் பூ, நடுவில் குறுக்காகப் பிளந்து மறுபடி சேர்த்த தட்டு. பின்பக்கம் திருப்பினால் பிளவின் மீது ஏழு பித்தளைக் கம்பிகள், காயத்துக்குத் தையல் போட்டதுபோல. பசை வருவதற்கு முந்தைய வேலை அது. வில் துரப்பணத்தால் தட்டின் முன்பக்கம் வரை போகாமல் பாதி ஆழத்துக்குத் துளையிட்டு, கம்பியை வளைத்து இருபுறமும் பொருத்தி இறுக்குவார்கள். ஏழு கம்பிகளும் ஒரே நீளம், ஒரே இடைவெளி. முன்பக்கத்தில் ஒரு துளைகூடத் தெரியவில்லை. கம்பிகளுக்கு நடுவே மனிதத் தலையும் சிங்க உடலுமாக ஒரு முத்திரை, கீழே 'மாஸ்ட்ரிக்ட்'. 'மேட் இன்' என்ற சொற்கள் இல்லை. 1903-க்கு முன் அது ரங்கூனில் இருந்திருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

வெள்ளத்தில் தப்பித்த தட்டு எது என்று எனக்குப் புரிந்தது. பழைய தட்டு ஒரு நாள் உடைந்தது. தைத்தார்கள், ஆனால் விருந்தினர் முன் வைக்க முடியவில்லை. அதன் இடத்துக்குப் புதிய சிவப்புத் தட்டு வந்தது. கூடவே அதன் கதையையும் வாங்கிக்கொண்டது. வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. பெருநாள் பிரியாணி எந்தத் தட்டில் வருகிறதோ அதுதான் வெள்ளத்துத் தட்டு. இத்தனை வருடங்களில் நான் கற்றவற்றில் பெரியது இதுதான். பொருளுக்கு ஒரு வயது, கதைக்கு ஒரு வயது. இரண்டும் ஒரே அலமாரியில் வேறு வேறு தட்டுகளில் இருக்கலாம்.

இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முத்திரைகளைக் காட்டி, நான் நினைத்ததை நானியிடம் சொன்னேன். சொல்லலாமா என்று தயங்கித்தான் சொன்னேன். அவர் வெகுநேரம் நீலத் தட்டின் கம்பிகளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்படியானால் இதுவும் மேலே இருக்கட்டும்" என்று நண்பரிடம் சொன்னார். செய்தித்தாளைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டார். இரண்டில் எதையும் நான் விலைக்குக் கேட்கவில்லை. கேட்கக்கூடாத பொருள்கள் உண்டு.

எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. வட ஆற்காட்டு வீடுகளிலிருந்து போகும் பொருள்களைச் சில வியாபாரிகள் 'செட்டிநாட்டுப் பழம்பொருள்' என்று சொல்லி விற்கிறார்கள். அந்தப் பெயருக்கு விலை அதிகம். எங்கள் வட ஆற்காட்டுத் திருப்பத்தூர்ப் பக்கத்து வீடு ஒன்றில் நான் கண்ணால் பார்த்த ஜாடி, ஆறு மாதம் கழித்துச் சென்னையில் ஒரு கடையில் காரைக்குடி ஜாடியாக நின்றது. வாயோரத்தில் பிறை வடிவில் பெயர்ந்திருந்த சில்லு அதேதான். காரைக்குடியின் மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஊர் அம்மா ஒருவர் ஐம்பது வருடம் நார்த்தங்காய் போட்ட ஜாடி அது. ஊரை மாற்றிவிட்டால் அந்த அம்மா இல்லாமல் போகிறார். அதனால் நான் வாங்கும் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சீட்டு எழுதிப் போடுகிறேன். எந்த ஊர், யார் வீட்டில் யார் பயன்படுத்தியது, என்ன வைத்திருந்தார்கள், அவர்கள் சொன்ன கதை என்ன, அடி முத்திரை என்ன. கதையும் முத்திரையும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். பழைய மெருகுகளிலும் மேல்வண்ணங்களிலும் ஈயம் இருந்திருக்கலாம். குறைந்த சூட்டில் வெந்த நிறக் கூஜாவிலோ பொன்விளிம்புத் தட்டிலோ புளிப்பான எதையும் வைத்துச் சாப்பிடாதீர்கள். பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போன சித்திரையில் அம்மா எலுமிச்சங்காய் வாங்கி வரச்சொன்னார். ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவைத்திருந்தோம். வேலூர் வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அம்மா அதைத் தூக்கி மடியில் வைத்து, ஆயா சுண்டியதுபோலவே ஒரு சுண்டு சுண்டினார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். அம்மாவும் என்னைப் பார்த்தார். இன்னொரு முறை சுண்டினார். அதே மந்தமான சத்தம்.

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கழுத்திலிருந்து அந்த வழிசல் வரை ஒரு மயிரிழை. எங்கே இடித்தது, எப்போது இடித்தது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"இனி இதில் போட முடியாது. நீ எடுத்துக்கொள்" என்றார் அம்மா.

இருபது வருடங்களாகக் கேட்டது கைக்கு வந்தபோது வாங்கிக்கொள்ளக் கை எழவில்லை. எலுமிச்சங்காயை அந்த வருடம் கண்ணாடிப் புட்டியில் போட்டோம். இரவு உட்கார்ந்து ஜாடிக்குள் போடுவதற்குச் சீட்டு எழுதினேன். காட்பாடி. நான்கு பெண்களில் மூவர் பயன்படுத்தியது என்று எழுதிவிட்டு, நான்காவது யார் என்று எண்ணிப் பார்த்து, அது நான் திருமணமாகிக் கூட்டிவந்த என் மனைவி என்பது உறைத்தது. அவளுக்குக் கொடுக்க வேண்டிய ஜாடி அது. 'நான்கு' என்பதை அடித்துவிட்டு 'மூன்று பெண்கள்' என்று எழுதினேன். அடியில் முத்திரை எதுவும் இல்லை. எலுமிச்சங்காய், உப்பு, மிளகாய்.